மூக்குக்கண்ணாடியும் பனிச்சறுக்கும்

குளிரூட்டப்பட்ட அறையிலிருந்து சென்னையின் வெளிக்காற்றுக்கு வந்தவுடன், மூக்குக்கண்ணாடி அணிந்தவருக்குச் சில விநாடிகள் எதிரில் நிற்பவர்கூடத் தெரிவதில்லை. கண்ணாடியின்மீது வெண்திரைபோல் நீர் படிந்துவிடுகிறது. நின்ற இடத்திலேயே துடைத்துக்கொள்ளலாம்; கேடு ஒன்றுமில்லை. ஆனால் பனிச்சரிவில் மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் சறுக்கிச் செல்பவருக்கு இது நேர்ந்தால்? ஒவ்வொரு விநாடியிலும் அவர் 11 மீட்டர் தூரத்தைக் கண்மூடியவராகவே கடப்பார்!

காஷ்மீரத்தில் உள்ள குல்மார்க், கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கிருந்து கம்பிவட ஊர்தியில் 3,900 மீட்டருக்கும் மேலே சென்று பனியில் சறுக்கி இறங்குகிறார்கள். அவர்கள் கண்களைக் காற்று, பனித்துகள், கடும் ஒளி ஆகியவற்றிலிருந்து காப்பது 'காகிள்ஸ்' எனப்படும் காப்புக் கண்ணாடி. பார்வைக் குறைவுள்ள ஒருவர் இதனை எப்படித் தேர்ந்தெடுப்பது? நீங்கள் வகுப்பில் படிக்கும் இயற்பியலே இதற்கு விடை தரும்.

மூட்டம் படிவது ஏன்?

காற்றின் வெப்பநிலை உயர உயர, அதில் கலந்திருக்கக்கூடிய நீராவியின் அளவும் உயரும். 30° செ. வெப்பநிலையில் ஒரு கன மீட்டர் காற்றில் ஏறத்தாழ 30 கிராம் நீராவி இருக்கலாம், 0° செ. வெப்பநிலையில் 5 கிராம்கூட இருக்க முடியாது. ஈரக்காற்று குளிரும்போது, எந்த வெப்பநிலையில் அதிலுள்ள நீராவி தெவிட்டிய நிலையை அடைகிறதோ, அதனைப் பனிநிலை என்கிறோம். பனிநிலையைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பின்மீதும் நீர்த்துளிகள் படியும். இந்த நுண்துளிகள் ஒளியைச் சிதறடிப்பதால் காட்சி மறைகிறது.

காப்புக் கண்ணாடிக்கும் முகத்துக்கும் இடையே ஒரு சிறிய காற்றறை உள்ளது. வியர்வையால் அங்கு ஈரம் சேர்கிறது. அக்காற்றின் வெப்பநிலை 25° செ. என்றும், ஒரு கன மீட்டரில் 12 கிராம் நீராவி உள்ளது என்றும் கொள்வோம். அதன் பனிநிலை சுமார் 14° செ. ஆகும். வெளியிலோ −10° செ. குளிர்! ஒற்றை லென்சின் உட்பரப்பு 14 பாகைக்கு வெகுவாகக் கீழே இறங்கிவிடும். மூட்டம் படிந்தே தீரும்.

ஆகவே இரட்டை லென்சு உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இரு லென்சுகளுக்கு இடையே அடைபட்டிருக்கும் காற்று ஓர் அரிதிற் கடத்தி. லென்சு செய்யப்படும் பாலிகார்பனேட்டுடன் ஒப்பிட்டால், காற்றின் வெப்பம் கடத்தும் திறன் சுமார் எட்டில் ஒரு பங்குதான். கம்பளியின் இழைகளுக்கிடையே உள்ள காற்று உடலைக் காப்பதுபோல, இக்காற்று உள்லென்சைக் குளிராமல் காக்கிறது. உள்ளே சேரும் ஈரம் வெளியேற, மேலும் கீழும் காற்றுத் துளைகளும் இருக்க வேண்டும். கழுத்துத் துண்டை மூக்குவரை இழுத்துவிட்டு மூச்சை மேல்நோக்கித் திருப்பினால், 2020ஆம் ஆண்டில் முகக்கவசம் அணிந்தபோது நாம் பட்ட பாடுதான்!

மூன்று வழிகள்

முதல் வழி, மூக்குக்கண்ணாடியின் மேலேயே அணியத்தக்க ஆழமான காப்புக் கண்ணாடி. காதில் மாட்டும் கம்பிகள் அழுந்தாதபடி இதன் பக்கவாட்டு ஸ்பாஞ்சில் பள்ளம் இருக்கும். வாங்கும்போது மூக்குக்கண்ணாடியையும் தலைக்கவசத்தையும் அணிந்தே பார்க்க வேண்டும். இரு கண்ணாடிகளும் ஒன்றையொன்று தொடக்கூடாது. தொட்டால் கீறல் விழும், காற்றோட்டமும் தடைப்படும். உள்ளே அணிவது உடையும் கண்ணாடி லென்சாக இல்லாமல், பாலிகார்பனேட் லென்சாக இருப்பது நல்லது. விழும்போது அதன் அருமை தெரியும்.

இரண்டாம் வழி, காண்டாக்ட் லென்சு. அது கண்ணீர்ப் படலத்தின்மீது, ஏறத்தாழ உடல் வெப்பநிலையிலேயே இருப்பதால் மூட்டம் படியாது. ஆனால் கண் மருத்துவரின் ஆலோசனையும் கைச் சுத்தமும் இன்றியமையாதவை. அதன்மேல் காப்புக் கண்ணாடியும் அணிந்தாக வேண்டும்.

மூன்றாம் வழி, காப்புக் கண்ணாடியின் உள்ளே பொருத்தும் பார்வை லென்சு. இங்கே ஒரு சிறு கணக்கு உண்டு. கிட்டப்பார்வைக்கான −6 டயாப்டர் லென்சின் குவியத்தூரம் 100/6 = 16.7 செ.மீ. அதை அணிபவரின் சேய்மைப் புள்ளி லென்சிலிருந்து அந்தத் தூரத்தில் உள்ளது. லென்சு கண்ணிலிருந்து 1 செ.மீ. முன்னே தள்ளிப் பொருத்தப்பட்டால், அத்தூரம் 15.7 செ.மீ. ஆகிவிடும். தேவையான திறன் −6.4 டயாப்டர்! பழைய எண்ணிலேயே செய்தால் தொலைவிலுள்ள மேடு பள்ளங்கள் மங்கித் தெரியும். −2 டயாப்டர் லென்சுக்கு இதே கணக்கைப் போட்டால் −2.04 வரும், வேறுபாட்டைப் புறக்கணிக்கலாம்.

கருமை வேறு, காப்பு வேறு

ஒவ்வொரு 1,000 மீட்டர் உயரத்துக்கும் புறஊதாக்கதிர்கள் சுமார் 10 விழுக்காடு மிகுகின்றன. புதிதாகப் பெய்த பனி அவற்றில் 80 விழுக்காடுவரை திருப்பி அனுப்புகிறது. கதிர் கீழிருந்தும் வருவதால் தொப்பி மட்டும் போதாது. விழிவெண்படலம் புண்பட்டு, சில மணி நேரம் கழித்துக் கடுமையான வலியும் கூச்சமும் தோன்றும். இதுவே 'பனிக்குருடு'. கருமையான லென்சு மட்டும் இதைத் தடுக்காது. புறஊதாவை வடிகட்டாத கறுப்புக் கண்ணாடி இன்னும் கெடுதல்; இருட்டில் கண்பாவை விரிந்து, அதிகக் கதிரை உள்ளே விடும். 400 நானோமீட்டர்வரை காப்பு உண்டா என்று முதலில் பாருங்கள். அதன்பின்பே நிறம்: நல்ல வெயிலுக்கு 8 முதல் 18 விழுக்காடு ஒளியை மட்டும் விடும் 3ஆம் வகை, மேகமூட்டத்துக்கு 43 முதல் 80 விழுக்காடு விடும் 1ஆம் வகை.

செய்து பாருங்கள்

பழைய முகம்பார்க்கும் கண்ணாடி ஒன்றின் பாதியில் சோப்புக் கரைசலை மெல்லப் பூசி உலரவிடுங்கள். குளிர்பதனப் பெட்டியில் சிறிது நேரம் வைத்து எடுத்து, அதன்மேல் ஊதுங்கள். சோப்பு பூசாத பாதி மங்கும். பூசிய பாதி தெளிவாக இருக்கும். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், நீர் துளிகளாகாமல் மெல்லிய படலமாகப் பரவுகிறது. காப்புக் கண்ணாடியின் உட்பூச்சும் நீரை இவ்வாறே பரவச் செய்கிறது. எனவே ஈரமாக இருக்கும்போது உட்புறத்தைத் தேய்த்துத் துடைக்கக்கூடாது. உதறி உலரவிட வேண்டும்.

இனி உங்களுக்கு ஒரு கேள்வி: சறுக்கிக் களைத்து நிற்கும்போது காப்புக் கண்ணாடியை வியர்த்த நெற்றியின்மேல் ஏற்றி வைத்துக்கொள்ளலாமா? பனிநிலையைக் கொண்டு காரணம் எழுதிப் பாருங்கள்.