மணலுக்குள் ஒரு குளம்: எழுவான்கரைக் கிணற்று ஊற்றுகளைப் பேணும் முறை

மட்டக்களப்பு வாவி வடக்குத் தெற்காக ஏறக்குறைய 56 கிலோமீற்றர் நீண்டு கிடக்கின்றது. அதன் மேற்கே உள்ளது படுவான்கரை. கிழக்கே, வாவிக்கும் கடலுக்கும் இடையே அமைந்தது எழுவான்கரை. படுவான்கரை வயல்கள் உன்னிச்சை, உறுகாமம், நவகிரி முதலிய குளங்களையும் மாரி மழையையும் நம்பி விளைகின்றன. எழுவான்கரையிலோ அத்தகைய பெருங்குளம் இல்லை. இருபுறமும் உவர்நீர் சூழ்ந்த ஒடுங்கிய மணல் நிலம் அது. ஆயினும் அம்மணலைச் சிறிது ஆழம் தோண்டிய அளவில் நன்னீர் சுரக்கின்றது. களுதாவளை முதலிய ஊர்களில் மிளகாய், கத்தரி, வெங்காயம், வெற்றிலை ஆகியவை அந்நீரைக் கொண்டே செய்கை பண்ணப்படுகின்றன. பல வீடுகளில் குடிப்பதற்கும் சமைப்பதற்கும் உதவுவதும் அந்நீரே. அது கெடுமாயின் தோட்டமும் வீடும் ஒருங்கே இடர்ப்படும்.

ஊற்றின் பிறப்பிடம்

கடல்நீர் மணலில் வடிந்து நன்னீராகிக் கிணற்றில் சுரக்கின்றது என்பது சிலருடைய எண்ணம். இது தவறு. மணல் அழுக்கை வடிகட்டுமேயன்றி, நீரில் கரைந்த உப்பை நீக்காது. எழுவான்கரை ஊற்றுகளுக்கு முதல் மழை ஒன்றே. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை பெய்யும் மழையில் ஒரு பகுதி மணலினூடே இறங்கி, அங்குள்ள உவர்நீரின்மேல் தங்குகின்றது. நன்னீரின் நிறை 1000 பங்கு எனின், அதே அளவு கடல்நீரின் நிறை ஏறக்குறைய 1025 பங்காகும். ஆதலால் இலேசான நன்னீர் மேலும், பாரமான உவர்நீர் கீழும் நிற்கின்றன. யாழ்ப்பாணத்து நிலாவரைக் கிணற்றிலும் மேல்நீர் நன்னீராகவும் ஆழத்து நீர் உவராகவும் இருப்பது பலரும் அறிந்ததே.

இவ்வாறு தங்கும் நன்னீர் நிலத்தின் நடுப்பகுதியில் தடித்தும், கடலோரத்திலும் வாவியோரத்திலும் மெலிந்தும் இருக்கும். இதனை மணலுக்குள் அமைந்த ஒரு குளம் எனலாம். அக்குளத்துக்கு அணைக்கட்டும் இல்லை, மதகும் இல்லை. கீழே நிற்கும் உவர்நீரே அதன் அடித்தளம்.

ஓரடிக்கு நாற்பதடி

ஒல்லாந்து, ஜேர்மனி நாடுகளின் கரையோரங்களில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஆராய்ந்தோர் ஒரு கணக்கைக் கண்டனர். நிலத்தடி நன்னீரின் மட்டம் கடல்மட்டத்துக்கு மேல் 1 அடி உயர்ந்திருப்பின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய 40 அடிவரை நன்னீர் நிற்கக்கூடும். அம்மட்டம் அரையடி தாழ்ந்து அவ்வாறே நிலைத்துவிடுமாயின், அடியிலுள்ள உவர்நீர் காலப்போக்கில் 20 அடி மேலெழும். நிலத்தின் தன்மைக்கேற்ப இக்கணக்குச் சிறிது மாறுபடும். ஆயினும் மேலே தோன்றும் சிறு குறைவு கீழே பெருங் குறைவாகும் என்பது உறுதி.

வலிமைமிக்க யந்திரத்தால் ஓரிடத்தில் நெடுநேரம் இறைக்கும்போது, அக்கிணற்றின் நேர்கீழே உவர்நீர் குவிந்து எழும். கிணறு உவர்த்த பின்னர் அதனை மேலும் ஆழமாக்குவோர் உவர்நீரையே நெருங்குகின்றனர். சென்னைக்கு வடக்கே மீஞ்சூர்ப் பகுதியில் அளவுக்கு மிஞ்சி நிலத்தடி நீரை இறைத்தமையால், 1960களின் இறுதிக்குள் கடல்நீர் சில கிலோமீற்றர் தூரம் உள்நாட்டினுட் புகுந்தது. பின்னர் அது மேலும் பரவியது.

2004ஆம் ஆண்டு கற்பித்த பாடம்

2004 டிசம்பர் 26இல் எழுந்த ஆழிப்பேரலை கரையோரக் கிணறுகளில் உவர்நீரை நிரப்பியது. அவற்றைத் தூய்மையாக்கும் நோக்குடன் பல கிணறுகள் மீண்டும் மீண்டும் இறைக்கப்பட்டன. மட்டக்களப்புக் கரையோரத்தில் பின்னர் நடந்த ஆய்வுகள், மிகையாக இறைத்தலால் உவர் விரைந்து நீங்கவில்லை என்பதையும், அடுத்தடுத்து வந்த மாரி மழையே கிணறுகளைத் தேற்றியது என்பதையும் காட்டின. ஊற்றைக் கெடுப்பதற்கு ஒரு நாள் போதும். அதனை மீட்பதற்கோ மழையும் பொறுமையும் வேண்டும்.

நீர் இறைப்பதில் கவனிக்க வேண்டியவை

1. ஆழமான ஒரு கிணற்றிலும் ஆழம் குறைந்த அகன்ற கிணறுகள் சில மேலானவை. ஒவ்வொன்றிலும் சிறிது சிறிதாக இறைத்தல் வேண்டும்.

2. சிறிய யந்திரத்தைப் பயன்படுத்தி, காலையிலும் மாலையிலும் பகுத்து இறைத்தல் நன்று. இடையில் கிணறு ஊறுவதற்கு ஓய்வு கொடுத்தல் அவசியம்.

3. உறிஞ்சு குழாயின் வாயைக் கிணற்றின் அடியில் வைத்தலாகாது. மிதவையொன்றில் கட்டி, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே நிற்குமாறு செய்தால் மேல்நீர் மட்டும் எடுபடும்.

4. இறைத்து முடியும் வேளையில் நீரைச் சோதித்தல் வேண்டும். தொடக்கத்தில் நன்றாக இருந்த நீர் முடிவில் உவர்த்தால், இறைத்த அளவு மிகுந்துவிட்டது என்பதே பொருள். போஞ்சி, வெங்காயம் ஆகியவை உவரை எளிதில் தாங்கமாட்டா. இலையின் ஓரம் கருகுதல் அதன் அறிகுறிகளுள் ஒன்றாகும்.

5. மணல் நிலம் நீரை விரைவில் இழக்கும். ஆதலின் மாட்டெருவும் கூட்டெருவும் இட்டு, வைக்கோலாலோ சருகாலோ பாத்திகளை மூடுதல் வேண்டும். சொட்டு நீர்ப்பாசனம் நீரையும் மிச்சப்படுத்தும், யந்திரத்துக்கு ஆகும் செலவையும் குறைக்கும்.

6. யூரியாவை ஒரே முறையில் மிகுதியாக இட்டால், பயிருக்கு உதவாத பகுதி நைத்திரேற்றாக மாறிக் கிணற்று நீருடன் கலக்கும். அந்நீர் கைக்குழந்தைகளுக்குத் தீங்கானது. சிபாரிசு செய்யப்பட்ட அளவைப் பல தடவைகளாகப் பிரித்து இடுதல் வேண்டும்.

மழைநீரைத் தங்கவைத்தல்

ஓர் ஏக்கர் நிலத்தில் பெய்யும் ஓர் அங்குல மழை ஏறக்குறைய 22,600 கலன், அதாவது ஒரு இலட்சத்து மூவாயிரம் லீற்றர் நீராகும். அதனை வீதிக்கும் வாவிக்கும் ஓடவிட்டுப் பின்னர் கோடையில் எரிபொருள் செலவழித்து நீர் தேடுவது அறிவுடைமையன்று. தோட்டத்தைச் சுற்றிச் சிறு வரம்பு அமைக்கலாம். கூரைநீரைத் தூய குழியொன்றில் இறக்கலாம். ஊரின் தாழ்நிலங்களையும் சிறு குட்டைகளையும் மண்ணிட்டு நிரப்பலாகாது. மழைநீர் தேங்கி மணலுள் இறங்குவதற்கு அவையே வாயில்கள். மணல்மேடுகளை வெட்டி அகற்றுதலும் ஊற்றின் உறைவிடத்தையே அழிப்பதாகும்.

படுவான்கரை நெற்செய்கையாளர்க்கும் இக்கருத்து ஏற்றதே. முதல் மழையுடன் நிலத்தைப் பண்படுத்தி விதைப்போர் குளத்து நீரைக் கோடைப் போகத்துக்கு மிச்சப்படுத்துவர். வரம்புகளை உரிய காலத்தில் கட்டி, நண்டுவளைகளை அடைத்தால், வயலில் விழுந்த மழை வயலிலேயே நிற்கும்.

ஊர் கூடிச் செய்ய வேண்டியது

குளத்து நீரைப் பங்கிடுவதற்குப் போகத் தொடக்கத்தில் கமக்காரர் கூட்டம் கூடுகின்றது. எவ்வளவு நிலம் விதைப்பது, எந்நாளில் நீர் விடுவது என்பன அங்கே முடிவாகின்றன. முறை தவறி மதகைத் திறப்பவரை ஊர் பொறுக்காது. மணலுக்குள் உள்ள குளத்துக்கோ இத்தகைய முறை எதுவும் பேசப்படுவதில்லை. தம் காணியிலுள்ள கிணறு தமக்கே உரியது என்று ஒவ்வொருவரும் கருதுகின்றனர். காணிக்கு வேலி உண்டு. ஊற்றுக்கு வேலி இல்லை. ஒருவர் இரவு பகலாக இறைத்தால், அயலார் குடிக்கும் நீரும் உவர்க்கும்.

ஆகவே கோடை தொடங்குமுன் ஒவ்வோர் ஊர்த் தோட்டக்காரரும் கூடி, இறைக்கும் நேரத்தையும் செய்கைபண்ணும் நிலத்தின் பரப்பையும் அவ்வாண்டு மழைக்கேற்ப வகுத்துக்கொள்ளல் வேண்டும். மாதம் ஒருமுறை சில கிணறுகளின் நீர்மட்டத்தை அளந்து குறித்து வைத்தால், நீரின் இருப்பு எல்லோருக்கும் தெரியும். வேண்டிய ஆலோசனைகளை விவசாயப் போதனாசிரியரிடம் பெற்றுக்கொள்ளலாம். மாரி தந்ததற்கு மிஞ்சிக் கோடையில் எடாத ஊரில் ஊற்று வற்றாது, உவர்க்காது.