வீட்டுத் தையலும் குடும்பச் சிக்கனமும்

உணவுக்கு அடுத்தபடியாக ஒரு குடும்பத்திற்கு இன்றியமையாதது உடை. உணவுச் செலவு நாள்தோறும் கண்ணுக்குத் தெரிவதால், குடும்பத்தார் அதனை ஒருவாறு அடக்கி வருகின்றனர். உடைச் செலவோ ஆண்டில் இரண்டு மூன்று முறை மொத்தமாக வந்து நிற்கின்றது. தீபாவளி, பொங்கல், வீட்டு விசேஷம் ஆகிய சமயங்களில் கையில் ரொக்கம் இல்லாத குடியானவர் தவணைக்குத் துணி விற்போரை நாடுகின்றனர். அல்லது வேறொரு காரியத்திற்காக வாங்கிய கடனில் கை வைக்கின்றனர். இதனால் விளையும் தீங்கையும், அதனைத் தவிர்க்க வீட்டிலுள்ள ஊசியும் நூலும் எவ்வளவு துணை செய்யும் என்பதையும் கூட்டுறவுச் சங்க அங்கத்தினர்கள் ஆராய்ந்து அறிதல் நலம்.

ஒரு குடும்பத்தின் நிலை

இரண்டு ஏக்கர் நன்செய் உடைய ஓர் அங்கத்தினரின் குடும்பத்தை உதாரணமாகக் கொள்ளலாம். மனைவி, தாய், மூன்று பிள்ளைகள் ஆக ஆறு பேர். சம்பா சாகுபடிக்காகச் சங்கத்தில் அவர் பயிர்க் கடன் பெற்றார். மேலுரம் இடுவதற்கென்று வைத்திருந்த தொகை கையிலிருக்கும்போது தீபாவளி வந்தது. பிள்ளைகளின் முகத்தைப் பார்த்து, அத்தொகையில் பெரும்பகுதியைத் துணிக்குச் செலவிட்டார். பயிருக்கு உரிய காலத்தில் உரம் கிடைக்கவில்லை. கதிர் சிறுத்தது, மகசூல் குறைந்தது, தவணை நாளில் பணம் போதவில்லை. தமிழ்நாட்டில் பயிர்க் கடனைத் தவணைக்குள் திருப்பிச் செலுத்துவோருக்கு வட்டி இல்லை. தவறினோர் வட்டி கொடுக்க நேரிடும். ஆகவே அவ்வீட்டார் அத்துணிக்குக் கடையில் ஒரு விலையும், வயலில் ஒரு விலையும், சங்கத்தில் ஒரு விலையும் ஆக மூன்று விலை கொடுத்தனர் என்பதே உண்மை.

அடுத்த ஜூலையில், நடுமகளின் பள்ளிச் சீருடை வேலி முள்ளில் பட்டுக் கிழிந்தது. புதிது வாங்க வழியில்லை. கிழிசலோடு செல்ல வெட்கப்பட்டு அக்குழந்தை இரண்டு நாள் வீட்டிலேயே இருந்துவிட்டாள். மூன்றாம் நாள் பாட்டி மருமகளை அழைத்தார்.

“ஏனம்மா, உள்பக்கமாக ஒரு துண்டு வைத்து ஒட்டுப் போட்டால் போதாதா? பிள்ளை எத்தனை நாள் வீட்டில் உட்கார்ந்திருப்பாள்?”

“எனக்குத் தைக்கத் தெரியாதே, அத்தை.”

“கீற்று முடையத் தெரிந்த கைக்கு ஊசி பிடிக்கத் தெரியாதா? இப்படி வந்து உட்கார்.”

அன்று மாலையே ஒட்டுப் போட்டு முடிந்தது. மறுநாள் குழந்தை பள்ளிக்குச் சென்றாள். செலவு ஒரு முழ நூல். அவ்வீட்டில் தையற்கலை இல்லாமற் போகவில்லை. கேட்பார் இல்லாமல் கிடந்தது. இங்ஙனம் பல வீடுகளில் கிடக்கின்றது.

முதற் பாடம்: பழுது பார்த்தல்

கிழிசலைச் சிறிதாக இருக்கும்போதே தைத்துவிட வேண்டும். துவைத்த பின்னர் தைப்போம் என்று விட்டால், கல்லில் அடிபட்டு விரலளவு கிழிசல் சாண் அளவாகும். ஆகவே கிழிந்த துணியைத் தைத்த பிறகே துவைக்கப் போடுதல் முறை.

இழைகள் அறுந்து துணி குறையாமல் இருப்பின், இழையோட்டம் போதும். கிழிசலின் இரு பக்கத்தையும் நேராகச் சேர்த்து வைத்து, பாவு இழைக்கு இணையாக நெருக்கமாக நூலோட்டி, பின்னர் ஊடை போல மேலும் கீழுமாகக் குறுக்கே ஓட்ட வேண்டும். நூலை இறுக்கி இழுக்கலாகாது. இழுத்தால் துணி சுருங்கும். நிறம் பொருந்தும் நூல் கிடைக்காவிடில், அதே உடையின் உள்மடிப்பிலிருந்து இழை உருவிக் கொள்ளலாம்.

துணி குறைந்து ஓட்டை விழுந்திருந்தால் ஒட்டுப் போட வேண்டும். ஒட்டுத் துண்டு ஓட்டையைவிட நாற்புறமும் 2 செ.மீ. பெரிதாயிருத்தல் வேண்டும். துண்டின் பாவும் உடையின் பாவும் ஒரே திசையில் அமைய வேண்டும். மாறினால் ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளும். பழைய துணிக்குப் புதுப் பருத்தித் துண்டை நனைக்காமல் வைத்துத் தைப்பது பெருந்தவறு. முதல் துவையலிலேயே புதுத்துண்டு சுருங்கி, நைந்த துணியைச் சுற்றிலும் கிழித்துவிடும்.

இரண்டாம் பாடம்: பழைய சேலையில் பாவாடையும் உள்பாடியும்

நூற்சேலை எங்கும் ஒன்றுபோல் நைவதில்லை. காலில் படும் கீழ்க்கரையும், உட்காரும் இடமும் முதலில் நையும். சேலையை வெளிச்சத்திற்கு எதிரே பிடித்துப் பார்த்தால், கெட்டியான பகுதி எது என்பது தெரியும். அப்பகுதியில் ஏறக்குறைய 165 செ.மீ. நீளம் கிடைத்தால், ஆறு வயதுப் பெண் குழந்தை ஒன்றிற்குப் பாவாடையும் உள்பாடியும் தைக்கலாம்.

இடுப்பிலிருந்து கணுக்கால் வரை 65 செ.மீ., இடுப்புச் சுற்று 54 செ.மீ., மார்புச் சுற்று 58 செ.மீ. என்று கொள்க. இடுப்புச் சுற்றைப்போல் மும்மடங்கு 162 செ.மீ.; இணைப்பு மடிப்பிற்கு 3 செ.மீ. சேர்த்து 165 செ.மீ. ஆகின்றது. உயரத்திற்கு 65 செ.மீ., நாடா செல்லும் மேல்மடிப்பிற்கு 3 செ.மீ., வளர்ச்சி மடிப்பிற்கு 10 செ.மீ. ஆக 78 செ.மீ. வேண்டும். சேலையின் கரையே பாவாடையின் அடியாக அமைவதால், அங்கு மடித்துத் தைக்க வேண்டியதில்லை. கரையில் இழை பிரியாது. சேலையின் அகலம் 112 செ.மீ. ஆயின், எஞ்சும் 34 செ.மீ. அகலப் பட்டையில் உள்பாடி வெட்டிக் கொள்ளலாம். அதற்கு மார்புச் சுற்றோடு தளர்ச்சிக்கு 8 செ.மீ., தையலுக்கு 4 செ.மீ. கூட்டி 70 செ.மீ. நீளம் போதும். மீதித் துண்டு தோள்பட்டைக்கும், பிற்காலத்து ஒட்டுக்கும் உதவும்.

வளர்ச்சி மடிப்பு என்பது, பாவாடையின் கீழ்ப்பகுதியில் 5 செ.மீ. ஆழத்தில் ஒரு மடிப்பு வைத்து நூலோட்டத் தையல் போடுவதாம். ஆறு வயது முதல் பத்து வயது வரை குழந்தை ஆண்டிற்கு ஏறக்குறைய 5, 6 செ.மீ. உயருகின்றது, அதில் ஒரு பகுதியே இடுப்பிற்குக் கீழ் சேருகின்றது. எனவே மடிப்பைப் பிரித்தால் கிடைக்கும் 10 செ.மீ., இரண்டு ஆண்டிற்குக் குறையாமல் ஈடுகொடுக்கும்.

புதுத்துணியில் தைப்போர், வாங்கிய துணியை ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்திய பின்னரே கத்தரிக்கோலை எடுத்தல் வேண்டும். முதலில் நனைத்தல், அடுத்து அளத்தல், அதன் பிறகு வெட்டுதல் என்னும் வரிசை மாறலாகாது. அளவில் பிழை நேர்ந்தால் திருத்தலாம். வெட்டில் நேர்ந்த பிழைக்குப் பரிகாரம் இல்லை.

மூன்றாம் பாடம்: தையற்பொறி

அமெரிக்காவில் எலியாஸ் ஹோ என்பவர் 1846-இல் தமது தையற்பொறிக்கு உரிமை பெற்றார். ஐசக் சிங்கர் 1851-இல் திருத்திய பொறி ஒன்றைக் கொணர்ந்தார். ஊசியின் நுனிக்கருகே துளை அமைத்து, மேல்நூல் ஒன்றும் பாபின் நூல் ஒன்றுமாக இரண்டு நூல்களைத் துணியின் நடுவே பூட்டுவதே இவ்வகைப் பொறியின் தத்துவம். இரண்டு நூல்களின் இறுக்கமும் சமமாயிருந்தால் தையல் இரு பக்கமும் ஒன்றுபோல் விழும். அடியில் நூல் சிக்குமாயின், பெரும்பாலும் மேல்நூல் முறையாகக் கோக்கப்படவில்லை என்று அறியலாம்.

பொறிக்குத் தேங்காயெண்ணெயோ விளக்கெண்ணெயோ விடலாகாது. அவை நாளடைவில் பிசின்போல் உறைந்து பொறியை இறுக்கிவிடும். தையற்பொறிக்கென்று விற்கும் எண்ணெயையே சில துளிகள் விட வேண்டும். நுனி மழுங்கிய ஊசி துணியின் இழையை அறுக்கும். அதனை உடனே மாற்றுதல் சிக்கனம்.

பொறி வாங்கக் கடன் பெறலாமா?

கைத்தையல் பழகிய பெண்மணிகள் பொறி ஒன்று வாங்கிப் பொருளீட்ட விரும்புவது இயல்பு, பாராட்டத் தக்கதுமாகும். ஆயினும் ஆழம் தெரியாமல் காலை விடலாகாது. பொறியின் விலை ரூ. 9,000 என்றும், அதனை 18 தவணைகளில் மாதம் ரூ. 500 வீதம் செலுத்துவது என்றும், வட்டிக்கு மாதம் சராசரி ரூ. 60 ஆகும் என்றும் கணக்கிற்காக வைத்துக்கொள்க. நூல், ஊசி, எண்ணெய்ச் செலவு போக ஓர் உருப்படிக்கு ரூ. 40 நிற்குமாயின், மாதம் 15 உருப்படி தைத்தால் ரூ. 600 வரும். கடனுக்கு ரூ. 560 போக மிச்சம் ரூ. 40 மட்டுமே. ஒரு மாதம் காய்ச்சல் வந்தாலும், நடவு வேலை மும்முரமானாலும் தவணை தவறும். மாதம் 25 உருப்படி கிடைக்குமாயின் ரூ. 1,000 வரும், கடன் போக ரூ. 440 நிற்கும். ஆதலால் பொறியின் விலையை விசாரிப்பதற்கு முன், தன் தெருவில் மாதந்தோறும் எத்தனை உருப்படி வரும் என்பதை விசாரித்தல் வேண்டும். வேலை குறைவாயின், நாலைந்து பேர் சேர்ந்து ஒரு பொறியை முறைவைத்து உபயோகிக்கலாம். தமிழ்நாட்டில் பள்ளிப் பிள்ளைகளின் விலையில்லாச் சீருடைகளை மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் அங்கத்தினர்கள் தைத்து வருகின்றனர். தேர்ச்சி பெற்றோர் அருகிலுள்ள அத்தகைய சங்கத்தை விசாரித்து அறியலாம்.

சங்கமும் சிக்கனமும்

இங்கிலாந்திலுள்ள ராச்டேல் நகரில் 1844-ஆம் ஆண்டு கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கிய தொழிலாளருள் நெசவாளரும் இருந்தனர். அவர்கள் கைக்கொண்ட விதிகளுள் ஒன்று, ரொக்கத்திற்கே விற்பது, கடனுக்கு விற்பதில்லை என்பது. நம் நாட்டில் 1904-இல் கூட்டுறவுச் சட்டம் ஏற்பட்டு, அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாத் திரூரில் விவசாயக் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. கடன் கொடுப்பதோடு சிக்கனத்தை வளர்ப்பதும் இச்சங்கங்களின் நோக்கமாகும். உடைக்கென்று மாதந்தோறும் ஒரு சிறுதொகையைச் சங்கத்திலேயே சேமிப்பாகச் செலுத்தி வந்தால், பண்டிகைக் காலத்தில் ரொக்கத்திற்குத் துணி வாங்கலாம். 1935-இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸின் கடைகளில் வாங்கினால், கைத்தறி நெசவாளர் சங்கங்களுக்கும் அது உதவியாகும்.

முற்கூறிய குடும்பத்தில் அடுத்த தீபாவளிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புதுத்துணி மட்டும் ரொக்கத்திற்கு வாங்கினர். வீட்டில் உடுத்தும் பாவாடைகள் தாயின் பழைய சேலையிலிருந்தும், சிறுவனின் சட்டை தந்தையின் வேட்டியிலிருந்தும் ஆயின. மேலுரத்திற்கான பணம் மேலுரத்திற்கே சென்றது. கடன் தவணை நாளுக்கு முன்னரே அடைந்தது. மூத்த மகள் இப்பொழுது தன் தங்கைக்கு இழையோட்டம் கற்றுக் கொடுக்கின்றாள்.

அங்கத்தினர்கள் வீட்டில் செய்து பார்க்க வேண்டியவை மூன்று. ஒன்று, சென்ற ஆண்டு உடைக்கு ஆன மொத்தச் செலவையும், அதில் கடனால் ஆன பகுதியையும் எழுதிப் பார்த்தல். இரண்டு, பெட்டியிலுள்ள பழைய துணிகளைப் பிரித்து, தைத்து உடுத்தத் தக்கவை, வெட்டி வேறு உடை ஆக்கத் தக்கவை, கைத்துணிக்கு ஆவன என மூன்று குவியலாக வைத்தல். மூன்று, வீட்டிலுள்ள மூத்த பெண்மணிகளிடம் ஒரு தையலையேனும் பிள்ளைகள், ஆண் பெண் இருபாலரும், கற்றுக்கொள்ளச் செய்தல். பயிருக்கென்று பெற்ற பணம் பயிருக்கே போய்ச் சேர்ந்தால், வயலும் சங்கமும் ஒருங்கே தழைக்கும்.