சென்சாரைக் கழற்றும் முன்

செக் இன்ஜின் விளக்கு எரிந்து, ஸ்கேனர் ‘பி0171’ என்று காட்டினால் பல இடங்களில் உடனே கிடைக்கும் தீர்ப்பு, “ஓடூ சென்சார் போயிடுச்சு.” பெட்ரோல் காரின் எக்ஸாஸ்டில் ஆக்ஸிஜனை அளக்கும் இந்த சென்சாரை வீட்டிலேயே மாற்ற நினைப்பவருக்கு நான் சொல்வது ஒன்றுதான்: கழற்றி மாட்டுவது சின்ன வேலை, அது உண்மையிலேயே கெட்டிருக்கிறதா என்று உறுதி செய்வதுதான் பெரிய வேலை. பி0171 சொல்வதெல்லாம், கலவையில் காற்று கூடி பெட்ரோல் குறைந்திருக்கிறது என்பது மட்டுமே. அந்தக் குறையைக் கண்டுபிடித்துச் சொன்னதே பெரும்பாலும் இந்த சென்சார்தான். பி0135 போன்ற கோடு வந்தால் கதை வேறு; அது சென்சாருக்குள் இருக்கும் ஹீட்டரின் மின்சுற்றைக் குறிக்கிறது. அங்கேயும் முதலில் ஃபியூஸையும், கப்ளரில் பேட்டரி வோல்டேஜ் வருகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

உறுதி செய்ய, ப்ளூடூத் ஓபிடி கருவியும் போனில் ஒரு செயலியும் போதும். சிர்கோனியா வகை சென்சார் நன்றாகச் சூடேறிய பிறகு, கேடலிட்டிக் கன்வெர்டருக்கு முன்னால் இருப்பது ஏறத்தாழ 0.1 முதல் 0.9 வோல்ட் வரை ஓயாமல் ஏறி இறங்க வேண்டும். ஆக்ஸிலரேட்டரைச் சட்டென்று மிதித்தால் 0.8-ஐத் தாண்ட வேண்டும். ஓடும் வண்டியில் காலை எடுத்ததும் பெட்ரோல் நின்று பூஜ்யத்தை ஒட்டி விழ வேண்டும். இரண்டுக்கும் சுறுசுறுப்பாக அசைந்தால் சென்சாருக்கு உயிர் இருக்கிறது, சந்தேகத்தை வேறு பக்கம் திருப்பலாம். அப்போது கைகொடுப்பது ஃபியூயல் டிரிம், அதாவது கலவையைச் சரிக்கட்ட இன்ஜின் கணினி பெட்ரோலைக் கூட்டும் அல்லது குறைக்கும் அளவு. ஐட்லிங்கில் +20 சதவீதத்தை ஒட்டி இருந்து, 2,500 ஆர்பிஎம்மில் நன்றாகக் குறைந்தால், இன்டேக் பக்கம் எங்கோ காற்று கசிகிறது. மாறாக, வேகமும் சுமையும் கூடக் கூட டிரிமும் ஏறினால் பம்ப், ஃபில்டர், காற்றளவு சென்சார் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்டில் ஓட்டை இருந்தாலும் வெளிக்காற்று உள்ளே இழுபட்டு, காற்று கூடியது போன்ற பொய்க் கணக்கைக் காட்டும். மிஸ்ஃபயரிலும் அப்படித்தான்: எரியாத பெட்ரோலை சென்சார் அறியாது, எரியாமல் மிஞ்சிய ஆக்ஸிஜனைத்தான் அறியும். ஓர் எச்சரிக்கை: பல புதிய கார்களில் முன்னால் இருப்பது வைட்பேண்ட் வகை. அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது. எந்த வகை என்று சர்வீஸ் மேனுவலில் பார்த்துவிட்டே தொடங்குங்கள்.

“எப்படியும் தேய்கிற பொருள்தானே, மாற்றினால் என்ன நஷ்டம்?” என்று கேட்பார்கள். தேய்வது உண்மை, பழைய சென்சார் மந்தமாகும், அதை மாற்றுவதில் தப்பில்லை. ஆனால் அதைக் கெடுத்தது உள்ளே கசியும் கூலன்ட்டோ, எரியும் இன்ஜின் ஆயிலோ, தாராளமாகப் பூசிய சிலிகான் சீலன்ட்டோ என்றால், புதியதும் அதே வழியில்தான் போகும். கோடை அழித்ததும் விளக்கு அணைவதைப் பார்த்து வேலை முடிந்தது என்று நம்புவதும் ஆபத்து. பழுது இருந்தால் டிரிம் மறுபடி ஏறும், விளக்கும் திரும்பும். கழற்றிப் பெட்ரோலில் கழுவினால் சரியாகிவிடும் என்பதிலும் எனக்கு நம்பிக்கையில்லை. மேலே படிந்த கரி போகலாம், பீங்கானின் நுண்துளைகளை அடைத்த சிலிகா போகாது.

சோதனையெல்லாம் சென்சாரையே காட்டினால் தயங்காமல் மாற்றலாம். முந்தின நாளே மரையில் துரு நீக்கும் எண்ணெய் விட்டு வையுங்கள். எக்ஸாஸ்ட் வெதுவெதுப்பாக இருக்கும்போது, வயர் நுழையப் பக்கவாட்டில் வெட்டுள்ள 22 மிமீ சாக்கெட்டால் திருப்பினால் மரை பிய்யாமல் வரும். கீழே இறங்க வேண்டியிருந்தால் ஜாக்கை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்தே ஆக வேண்டும். ஆன்டி-சீஸ் பசை பெரும்பாலும் புதிய சென்சாரிலேயே தடவி வரும். இல்லையென்றால் மரையில் மட்டும் கொஞ்சம், முனையில் ஒரு துளிகூடப் படக்கூடாது. முதல் சில சுற்றுகள் கையால்தான். விலை குறைவு என்று வயரை வெட்டி ஒட்டும் வகையை வாங்குபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: பல சென்சார்கள் ஒப்பீட்டுக்கான வெளிக்காற்றை வயர் இழைகளின் இடைவெளி வழியாகத்தான் பெறுகின்றன. அங்கே சால்டர் வைத்தால் அந்த வழி அடைபட்டுப் போகும். அதனால் காருக்கே உரிய கப்ளரோடு வருவதை வாங்கி, வயர் சூடான குழாயில் உரசாதபடி பழைய கிளிப்புகளிலேயே மாட்டுங்கள். பிறகு கோடை அழித்து, சில நாட்கள் ஓட்டிவிட்டு, டிரிம் பூஜ்யத்தை ஒட்டி நிற்கிறதா என்று மறுபடி ஒருமுறை பாருங்கள்.