பொது மீட்டர் பில்லைக் குறைக்கச் சட்டம் உதவுமா?

கேள்வி: நாங்கள் குடியிருப்பது நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் கட்டிய எட்டு மாடிக் கட்டடம். லிஃப்ட், தண்ணீர் மோட்டார், மாடிப்படி விளக்கு எல்லாவற்றுக்குமான பொது மீட்டர் பில்லை எங்கள் சங்கம்தான் கட்டுகிறது. சந்தாப் பணத்தில் பாதி அதற்கே போகிறது. எரிசக்தித் தணிக்கை நடத்தி, பழைய மோட்டாரை மாற்றித் தரும்படி வாரியத்தைச் சட்டப்படி கட்டாயப்படுத்த முடியுமா?

- ஒரு வாசகி, சென்னை

பதில்: கட்டாயப்படுத்த நேரடியான சட்டப்பிரிவு இல்லை. 2001-ஆம் ஆண்டின் எரிசக்திச் சேமிப்புச் சட்டம், சிமென்ட், உரம் போன்ற துறைகளில் அரசு அறிவிக்கை செய்த பெரிய நுகர்வோரிடம்தான் தணிக்கை கேட்கிறது. 2022-ஆம் ஆண்டுத் திருத்தம் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொண்டது உண்மைதான். ஆனால் அது பெரிய கட்டடங்களை இனி எப்படிக் கட்ட வேண்டும் என்பதற்கான விதி. உங்கள் பழைய மோட்டாருக்கு அது வழி சொல்லாது.

அதற்காகச் சோர்ந்துவிட வேண்டாம். உங்கள் சங்கம் 1975-ஆம் ஆண்டுச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியிருந்தால், பொதுக்குழுத் தீர்மானம் போட்டு, எரிசக்தித் திறன் செயலகத்தின் சான்று பெற்ற தணிக்கையாளரை நீங்களே அமர்த்தலாம். ‘நம் குடியிருப்பு நம் பொறுப்பு’ திட்டத்தில் உங்கள் வசூலுக்கு ஈடான தொகையை அரசும் தருகிறது. அது உங்களுக்கு வருகிறதா என்று கணக்கைப் பாருங்கள்.

மோட்டாரின் குதிரைத்திறன், வாங்கிய ஆண்டு ஆகிய விவரங்களையும் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகலையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் வாரியத்திடம் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தணிக்கை அறிக்கையோடு அந்தப் பதிலையும் இணைத்து மனு கொடுத்தால், பணமில்லை என்று வாய்மொழியாக மறுப்பது கடினம். மறுப்பு வந்தால் எழுத்தில் வாங்குங்கள். பிறகு நீதிமன்றம் போக நேர்ந்தாலும் அந்தத் தாள்தான் பேசும்.

எக்காரணம் கொண்டும் அனுமதியில்லாமல் மோட்டாரைக் கழற்றாதீர்கள். அது வாரியத்தின் சொத்து. மொட்டைமாடியும் அப்படியே. அனுமதி கிடைத்தால், பொதுப் பயன்பாட்டுக்கான சூரியமின் அமைப்புக்கு மத்திய அரசு ஒரு கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் தருகிறது.

அடுக்குமாடிகளின் பொதுப் பயன்பாட்டுக்கு 2023-இல் வந்த குறைந்த மின்கட்டணத்தை எதிர்பார்க்காதீர்கள். அது லிஃப்ட் இல்லாத, மூன்று மாடிக்குள் அடங்கிய, பத்து வீடு வரையுள்ள கட்டடங்களுக்கு மட்டும். பில்லில் தகராறு இருந்தாலும் கட்டாமல் விடாதீர்கள். ஆட்சேபத்தை எழுதிக் கொடுத்துவிட்டுக் கட்டுங்கள். லிஃப்ட் நின்றால் ஏழாம் மாடியில் இருக்கும் கர்ப்பிணியும் முதியவரும்தான் தவிப்பார்கள்.

தணிக்கையாளர் வருவதற்குள் ஒரு வேலை செய்யுங்கள். மோட்டார் போட்ட நேரம், நிறுத்திய நேரம், மேல்தொட்டி வழிந்த நாள் மூன்றையும் ஒரு மாதம் நோட்டில் குறித்து வாருங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.