ரெடிமேட் இரும்புக் கொட்டகை வாங்குவோர் கவனத்திற்கு

கீற்றும் மூங்கிலும் விலை ஏறிவிட்டன. கூரை வேயத் தெரிந்த ஆட்களும் குறைந்து வருகின்றனர். ஆகவே மாட்டுத் தொழுவம் அமைக்கவும், நெல் மூட்டை அடுக்கவும், பவர் டில்லர் நிறுத்தவும் விவசாயிகள் ரெடிமேட் இரும்புக் கொட்டகையை நாடுகின்றனர். கால்கள், டிரஸ், பர்லின், ஷீட், நட்டு, போல்ட் ஆகிய அனைத்தும் பட்டறையிலேயே அளவெடுத்துச் செய்யப்பட்டு லாரியில் வந்து இறங்கும். அஸ்திவாரம் தயாராக இருந்தால் சில நாட்களில் கொட்டகை நின்றுவிடும். தேவைப்பட்டால் பிரித்து வேறு இடத்தில் மாட்டிக் கொள்ளலாம்.

இந்த முறை புதியதன்று. அலை அலையாக மடித்த இரும்புத் தகட்டிற்கு லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பால்மர் 1829ல் உரிமை பெற்றார். இரும்பின்மேல் துத்தநாகம் பூசும் முறைக்கு பிரான்சில் சோரல் என்பவர் 1837ல் உரிமை பெற்றார். 1850களில் இங்கிலாந்தில் செய்த இரும்பு வீடுகள் பாகம் பாகமாகக் கப்பலேறி ஆஸ்திரேலியா சென்றன. அவற்றில் சில மெல்போர்ன் நகரில் இன்றும் நிற்கின்றன. ஒழுங்காகச் செய்த இரும்புக் கட்டடம் பல தலைமுறைக்கு நிற்கும் என்பதற்கு இதுவே சாட்சி.

ஆனால் வாங்குபவர் கேட்பது பெரும்பாலும் இரண்டே கேள்விகள்தான். சதுர அடி என்ன விலை? என்ன கலர்? கொட்டகையைக் காப்பவை வேறு மூன்று. அவை அஸ்திவாரம், துத்தநாகப் பூச்சு, ஷீட்டைப் பிடிக்கும் திருகாணி. விலைச் சீட்டில் இம்மூன்றும் தெளிவாக எழுதப்படாவிட்டால், குறைந்த விலை என்று வாங்கியது பின்னால் பெரும் செலவாக முடியும்.

வள்ளூர் பகுதியின் நிலை

மீஞ்சூரை அடுத்த வள்ளூரையும் அதைச் சுற்றிய ஊர்களையும் எடுத்துக்கொள்வோம். கொசஸ்தலை ஆறு இவ்வழியே எண்ணூர் முகத்துவாரம் நோக்கிச் செல்கிறது. கடல் சில கிலோமீட்டர் தூரத்தில்தான் உள்ளது. காற்றில் உப்பு இருக்கிறது. வள்ளூரிலும் அத்திப்பட்டிலும் அனல் மின் நிலையங்கள் இருப்பதால் கூரையில் சாம்பல் தூசியும் படிகிறது. நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பது மீஞ்சூர் வட்டாரத்தில் பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட விஷயம். வடகிழக்குப் பருவமழையில் புயலும் உண்டு, வெள்ளமும் உண்டு. 2016 டிசம்பர் 12ந் தேதி வார்தா புயல் சென்னை அருகே கரை கடந்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் பெருமழையைக் கொட்டி இப்பகுதியை வெள்ளக்காடாக்கியது.

உள்மாவட்டத்தில் இருபது ஆண்டு நிற்கும் கொட்டகை இங்கே சில ஆண்டுகளில் துருப்பிடிக்கலாம். ஆகவே வேறு ஊரில் போட்ட கொட்டகையைப் பார்த்து அதே போல் வேண்டும் என்று சொல்வது போதாது.

காற்று கூரையை அழுத்துவதில்லை, தூக்குகிறது

புயற்காற்று கூரைமேல் வேகமாகச் செல்லும்போது ஷீட்டை மேல்நோக்கி இழுக்கிறது. கட்டடங்களுக்கான இந்தியத் தர விதி 875, மூன்றாம் பகுதி, சென்னைக்கு அடிப்படைக் காற்று வேகமாக விநாடிக்கு 50 மீட்டரைக் குறிக்கிறது. இது மணிக்கு 180 கிலோமீட்டர். இந்த வேகத்தில் காற்றின் விசை சதுர அடிக்கு ஏறக்குறைய 14 கிலோ ஆகும்.

இப்போது 20 அடி அகலம், 30 அடி நீளம் கொண்ட ஒரு கொட்டகைக்குக் கணக்குப் போடுவோம். பரப்பு 600 சதுர அடி. காற்று தூக்கும் விசை 8,400 கிலோ. ஷீட்டும் இரும்பும் சேர்ந்து சதுர அடிக்கு ஒன்றரை கிலோ என்று கொண்டால், கூரையின் எடை 900 கிலோதான். மீதி ஏழரை டன் இழுவையைக் கால்களும் அஸ்திவாரமும் தாங்க வேண்டும். ஒரு பக்கம் திறந்த கொட்டகையானால், உள்ளே புகும் காற்று கீழிருந்தும் தள்ளுவதால் இழுவை இன்னும் கூடும்.

பத்தடிக்கு ஒரு கால் வீதம் பக்கத்திற்கு நான்கு கால்கள் என்று வைத்துக்கொள்வோம். நடுக்கால் ஒன்றின் பங்கு 100 சதுர அடி. கூரை எடையைக் கழித்தால் ஒவ்வொரு நடுக்காலையும் 1,250 கிலோ விசை மேலே பிடுங்கும். ஓரடிக் குழி தோண்டி அரைச் சட்டி கலவை போட்டு நிறுத்திய கால் இதற்கு ஈடுகொடுக்காது.

வெள்ளத்தில் கான்கிரீட்டும் எடை குறையும்

மூன்றடி நீளம், மூன்றடி அகலம், மூன்றடி ஆழத்தில் கான்கிரீட் கட்டி போட்டால் அதன் எடை சுமார் 1,830 கிலோ. இது போதும் என்று தோன்றும். ஆனால் நிலம் முழுக நீர் நிற்கும்போது, கிணற்றில் மூழ்கிய குடம் கைக்கு லேசாக இருப்பதுபோல, அந்தக் கட்டியும் எடை குறைகிறது. 27 கன அடி நீரின் எடையான 765 கிலோ கழிந்துவிடும். எஞ்சுவது 1,070 கிலோ. காற்றின் இழுவையோ 1,250 கிலோ. புயலும் வெள்ளமும் ஒரே நாளில் வரும் ஊரில் இந்தக் கணக்கு முக்கியம்.

இதற்கு வழி இருக்கிறது. நான்கடிக்கு நான்கடி அகலத்தில், ஓரடி கனத்தில், கம்பி கட்டிய அடித்தளத்தை நான்கடி ஆழத்தில் போட வேண்டும். அதன் நடுவில் ஒன்றே கால் அடிச் சதுரத் தூண் எழுப்பி, சுற்றிலும் மண்ணை நிரப்பி நன்கு இடிக்க வேண்டும். அடித்தளத்தின்மேல் உட்கார்ந்த மண்ணும் சேர்ந்து பிடிப்பதால், நீர் நின்றாலும் சுமார் 1,800 கிலோ பிடிமானம் கிடைக்கும். கான்கிரீட்டும் சுமார் 21 கன அடிதான் ஆகும். அதாவது செலவாகும் கலவை குறைவு, பிடிமானம் அதிகம்.

மேலே சொன்ன அளவுகள் விவசாயிகள் விஷயத்தைப் புரிந்துகொள்வதற்கே. கொட்டகையின் உயரம், மண்ணின் தன்மை ஆகியவற்றைப் பார்த்து இறுதி அளவைக் கட்டடப் பொறியாளர் ஒருவரிடம் கேட்டுப் பெற வேண்டும். எத்தனை அடி வேகக் காற்றுக்குக் கணக்குப் போட்டீர்கள் என்று விற்பவரிடமும் கேட்டு எழுதி வாங்குங்கள்.

கலவைக்கு உப்பு நீர் ஆகாது. கம்பி போட்ட கான்கிரீட்டிற்குக் கலக்கும் நீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்பது இந்தியத் தர விதி 456ன் வரம்பு. கிணற்று நீர் கரிப்பாக இருந்தால் நல்ல நீரைத் தருவித்துக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் உள்ளே புதைந்த போல்ட்டும் கம்பியும் கண்ணுக்குத் தெரியாமலே துருப்பிடிக்கும்.

துத்தநாகப் பூச்சு

இரும்பைத் துருவிலிருந்து காப்பது துத்தநாகம். அதற்குமேல் உள்ள கலர் இரண்டாவது காவல்தான். ஷீட்டில் 275 கிராம் பூச்சு, 120 கிராம் பூச்சு என்று சொல்வார்கள். இது ஒரு சதுர மீட்டரில் இரண்டு பக்கமும் சேர்ந்து உள்ள துத்தநாகத்தின் எடை. 275 கிராம் என்றால் ஒரு பக்கத்திற்கு சுமார் 19 மைக்ரான் கனம். 120 கிராம் என்றால் 8 மைக்ரான்தான். உப்புக் காற்றில் துத்தநாகம் ஆண்டுக்கு 2 முதல் 4 மைக்ரான் வரை கரையக்கூடும். கலர் உரிந்த இடத்தில் எந்த ஷீட் எத்தனை ஆண்டு தாங்கும் என்பதை விவசாயிகளே கணக்கிட்டுக் கொள்ளலாம்.

கால்களுக்கும் டிரஸ்ஸுக்கும் வெறும் சிவப்புப் பெயிண்ட் இங்கே போதாது. வெட்டி, துளையிட்டு, வெல்டிங் முடித்த பின்னர் முழுவதையும் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததா என்று கேளுங்கள். இம்முறையில் பூச்சு நல்ல கனமாக ஏறும். பூச்சு ஏறிய பிறகு வெல்டிங் செய்தால் அந்த இடத்தில் துத்தநாகம் எரிந்துபோகும். அங்கிருந்துதான் துரு தொடங்கும்.

மாட்டு மூத்திரமும் உரமும் துத்தநாகத்தை அரிக்கும். ஆகவே கால்கள் தரையிலிருந்து ஓரடி உயர்ந்த கான்கிரீட் தூண்மேல் உட்கார வேண்டும். உர மூட்டைகளைச் சுவர் ஷீட்டை ஒட்டி அடுக்கக் கூடாது.

தராசு கொண்டு சோதனை

ஷீட்டின் கனத்தைக் கண்ணால் அறிய முடியாது. ஆனால் எடை போட்டுப் பார்க்கலாம். மடிப்பதற்கு முன் நான்கடி அகலமுள்ள தகட்டில் செய்த 12 அடி ஷீட், அரை மில்லிமீட்டர் கனமானால் ஏறக்குறைய பதினேழரை கிலோ இருக்கும். 0.40 மில்லிமீட்டரானால் 14 கிலோதான் இருக்கும். தகட்டின் அகலத்தை விற்பவரிடம் கேட்டுக்கொண்டு, லாரியில் வந்ததில் நான்கைந்து ஷீட்டை எடை போட்டாலே விபரம் தெரிந்துவிடும். 0.50 என்பது இரும்பின் கனமா, பெயிண்டும் பூச்சும் சேர்ந்த கனமா என்பதையும் ஆர்டர் கொடுக்கும்போதே எழுதி வாங்க வேண்டும்.

சாமான் வந்து இறங்கும் நாள்

பாகங்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, லாரியிலிருந்து இறக்கும்போதே எண்ண வேண்டும். குறைவோ, வளைவோ, கீறலோ இருந்தால் டெலிவரி சலானில் எழுதி, டிரைவரிடம் கையெழுத்து வாங்கி, போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். போல்ட் பத்து குறைந்தால்கூட வேலை நின்று ஆள் கூலி வீணாகும்.

ஷீட்டுகளைத் தரையில் போடக் கூடாது. கட்டைகளின்மேல் சற்றுச் சாய்வாக அடுக்கி, மழை படாமல் காற்றோட்டமாக மூட வேண்டும். அடுக்கின் நடுவே நீர் தங்கினால் சில வாரங்களிலேயே வெள்ளைத் துரு பூத்துவிடும்.

மாட்டும்போது கவனம்

ஷீட்டைக் கத்திரியால் வெட்டுவது நல்லது. கிரைண்டரில் வெட்டினால் தீப்பொறி பட்ட இடமெல்லாம் துருப்புள்ளி விழும். திருகாணியில் ரப்பர் வாஷர் அவசியம். வாஷர் பிதுங்கும் அளவு முறுக்கினால் கிழிந்து ஒழுகும். காற்றின் இழுவை கூரையின் ஓரங்களிலும் முகட்டிலும்தான் அதிகம். ஆகவே அங்கெல்லாம் திருகாணியை நெருக்கமாகப் போட வேண்டும். நடுவில் போடும் இடைவெளியையே ஓரத்திலும் போட்டால் புயலில் முதலில் கிழிவது ஓர ஷீட்தான்.

வெயிலில் இரும்புக் கூரை கொதிக்கும். கறவை மாடுகளுக்கான கொட்டகையானால் தாழ்வாரத்திலேயே பத்தடி உயரமும், முகட்டில் வெப்பம் வெளியேற வழியும் வேண்டும். மின் இணைப்பு கொடுத்தால் கொட்டகைக்கு எர்த் போடாமல் விடக் கூடாது.

பணமும் பில்லும்

விலைச் சீட்டில் அஸ்திவாரம், லாரி வாடகை, இறக்கு கூலி, மாட்டும் கூலி, ஜி.எஸ்.டி. ஆகியவை யார் பொறுப்பு என்று தனித்தனியே எழுதியிருக்க வேண்டும். முழுப் பணத்தையும் முன்கூட்டியே கொடுக்கக் கூடாது. ஆர்டரின்போது ஒரு பகுதி, சாமான் சரிபார்த்த பின் ஒரு பகுதி, கொட்டகை நின்ற பின் மீதி என்று தவணை வைப்பதே நல்லது. பில் இல்லாமல் வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகும் என்று சொன்னால் இணங்காதீர்கள். நாளை குறை நேர்ந்தால் அந்தத் தாள்தான் பேசும்.

விவசாயி நுகர்வோர் ஆகமாட்டார், அவர் வியாபாரத்திற்கு வாங்குகிறார் என்று சிலர் வாதிடுவதுண்டு. விதை வாங்கிய விவசாயிகளின் வழக்கில் 2012ல் உச்ச நீதிமன்றம் இந்த வாதத்தை ஏற்கவில்லை. சொந்த உழைப்பில் பிழைப்பு நடத்த வாங்கிய பொருளுக்கு நுகர்வோர் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. 2019ம் ஆண்டுச் சட்டப்படி, வாங்கியவர் தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். வள்ளூர்க்காரர் திருவள்ளூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். பொருளின் விலை 5 லட்சம் ரூபாய் வரை இருந்தால் கட்டணம் இல்லை. குறை ஏற்பட்ட இரண்டு ஆண்டுகளுக்குள் மனு கொடுக்க வேண்டும். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகார் செய்யலாம்.

ஆண்டுப் பராமரிப்பு

ஆண்டுதோறும் புரட்டாசியில், மழை பிடிக்கும் முன், ஒரு நாள் ஒதுக்கிக் கொட்டகையைப் பார்வையிடுங்கள். தளர்ந்த போல்ட்டுகளை முடுக்கவும். காய்ந்து வெடித்த வாஷர்களை மாற்றவும். கீறல் விழுந்த இடத்தைத் தேய்த்துத் துத்தநாகப் பெயிண்ட் தடவவும். மழை படாத தாழ்வாரத்தின் அடிப்பக்கத்தில்தான் உப்பும் சாம்பலும் தங்கும். அதை நல்ல நீர் விட்டுக் கழுவவும்.

நெல்லும் மாடும் ஒரு குடும்பத்தின் ஆண்டு முழுவதற்குமான வருமானம். அவற்றின்மேல் நிற்கும் கூரைக்கு ஆர்டர் கொடுக்கும் முன், அஸ்திவார அளவு, பூச்சின் எடை, ஷீட்டின் கனம், திருகாணி இடைவெளி, காற்று வேகம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதி விற்பவரின் கையெழுத்தைப் பெற்றுக்கொள்ளுங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் எவ்வளவு மலிவானாலும் வாங்க வேண்டாம்.