தாவித் தாவி மலையேற முடியுமா?

படிவம் நான்கு மாணவன் ஒருவன் சென்ற வாரம் என்னிடம் கேட்டான்: "சார், வால்ஹைம்ல செங்குத்தான மலைய நடந்து ஏற முடியாது, சறுக்கிடும். ஆனா தாவிக்கிட்டே போனா ஏறிடலாம். நம்ம தோட்டத்து மேட்டுல அது ஏன் நடக்கல?" அவன் முழங்காலில் புதிய கட்டு இருந்தது. செய்து பார்த்திருக்கிறான்!

வால்ஹைம், சுவீடனில் உருவாகி 2021இல் வெளிவந்த பிழைத்திருத்தல் விளையாட்டு. அதைக் குறை சொல்ல மாட்டேன்; நானும் ஆடியிருக்கிறேன். சரிவு மிகுந்தால் பாத்திரம் வழுக்குவதும், ஒவ்வொரு தாவலுக்கும் தெம்பு குறைவதும் இயற்பியல்தான். ஏமாற்று ஓரிடத்தில் இருக்கிறது. பாதம் தரையைத் தொட்ட கணமே அடுத்த தாவலுக்கு அனுமதி கிடைத்துவிடுகிறது. அந்தக் கணத்தில் உராய்வு போதுமா என்று யாரும் கேட்பதில்லை. கோலா தெர்லாவின் செம்மண் கேட்கும்.

கணக்குப் போடுவோம். உங்கள் நிறை 50 கிலோகிராம், மேட்டின் உயரம் 30 மீட்டர், சரிவு 35 பாகை. நேராக ஏறினால் பாதையின் நீளம் ஏறக்குறைய 52 மீட்டர். புவியீர்ப்பு உங்களைச் சரிவின் வழியே 281 நியூட்டன் விசையுடன் கீழே இழுக்கும். அதே மேட்டை 14 பாகைச் சரிவில் வளைந்து வளைந்து ஏறினால் பாதை 124 மீட்டராக நீளும். இழுக்கும் விசையோ 119 நியூட்டன்தான். விசையையும் தூரத்தையும் பெருக்கிப் பாருங்கள். இரண்டிலும் ஏறக்குறைய 14,700 ஜூல். மலை தள்ளுபடி தருவதில்லை, தவணையில் கட்ட விடுகிறது, அவ்வளவுதான்.

தாவினால்? ஒரு தாவலில் உடலை 0.3 மீட்டர் உயர்த்துகிறீர்கள், ஆனால் தரையிறங்கும் இடம் முன்பைவிட 0.1 மீட்டர்தான் மேலே இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 30 மீட்டருக்கு 300 தாவல்கள். ஒன்றுக்கு 147 ஜூல் வீதம் 44,000 ஜூலைத் தாண்டும். மூன்று மடங்கு! மிச்சமெல்லாம் ஒவ்வொரு முறை தரையிறங்கும்போதும் வெப்பமாகவும் ஓசையாகவும் முழங்கால் வலியாகவும் போய்விடும்.

அதைவிடப் பெரிய சிக்கல் உராய்வு. 35 பாகைச் சரிவில் சறுக்காமல் நிற்பதற்கே உராய்வுக் குணகம் 0.70 வேண்டும், அந்தக் கோணத்தின் டான் மதிப்பு அது. முன்னோக்கித் தாவ வேண்டுமென்றால் தரையைப் பின்னால் உதைக்க வேண்டும், ஆகவே இன்னும் கூடுதலாக வேண்டும். மழையில் ஊறிய களிமண் உங்கள் காலணிக்கு 0.3 மட்டுமே தருகிறது என்றால், 14 பாகைப் பாதையில் (தேவை 0.25) நிற்கலாம், நேர்மேட்டில் நிற்கவே முடியாது.

14 பாகையை நான் சும்மா எடுக்கவில்லை. இத்தாலிய உடலியலாளர் ஆல்பர்டோ மினெட்டி 1995இல் மலைப்பாதைகளைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். நான்கு மீட்டர் முன்னே போனால் ஒரு மீட்டர் உயர்வு, இந்த அளவை ஒட்டிய சரிவில்தான் குறிப்பிட்ட உயரத்தை ஏற உடல் செலவிடும் ஆற்றல் மிகக் குறைவு என்பது அதன் சாரம். இதைவிடச் செங்குத்தானால் தசை வீணாக உழைக்கிறது. சமமானால் நடை வீணாக நீள்கிறது. முதுகில் கொழுந்துச் சுமையோடு சரிவில் போகும் நம் பாட்டிமார் குறுக்கே வளைந்து நடப்பதைக் கவனியுங்கள். அவர்கள் எந்தக் கட்டுரையையும் படித்ததில்லை.

பேருந்தைப் பிடிக்கும் அவசரத்தில் நாம் என்ன செய்கிறோம்? வளைவுகளை வெட்டி நேராக இறங்குகிறோம். பலர் இறங்க இறங்கப் புல் அழிந்து தடம் விழுகிறது. அடுத்த மழையில் நீரும் அந்தத் தடத்தையே பிடித்துக்கொண்டு, செங்குத்தாக, வேகமாக, மண்ணை அரித்துக்கொண்டு ஓடுகிறது.

மண்ணுக்கும் சறுக்கும் கோணம் உண்டு. நீர் ஊறும்போது எடை கூடுகிறது. துகள்களுக்கு இடையே சேரும் நீரின் அழுத்தம் அவற்றின் பிடியைத் தளர்த்துகிறது. 2024 ஜனவரியில் நமக்கு அருகே புளூவேலியில் மண் சரிந்து மியன்மார் நாட்டவர் ஐவர் இறந்தது நினைவிருக்கும். மழைக்காலத்தில் வெட்டிய மேட்டின் மேல் புதிதாக விரிசலோ, சாய்ந்த மரமோ கண்ணில் பட்டால் அருகே போகாதீர்கள், உடனே பெரியவர்களிடம் சொல்லுங்கள்.

இந்த வாரச் சோதனைக்கு ஒரு பலகை, பாகைமானி, உங்கள் பள்ளிக் காலணி போதும். காலணியைப் பலகையில் வைத்து, ஒரு முனையை மெதுவாக உயர்த்துங்கள். சறுக்கத் தொடங்கும் கோணத்தின் டான் மதிப்புதான் உராய்வுக் குணகம். பிறகு பலகையில் ஈரக் களிமண் பூசி மறுபடியும் அளந்து பாருங்கள். அடிப்பாகம் தேய்ந்த பழைய காலணி ஒன்று வீட்டில் கிடந்தால் அதையும் விடாதீர்கள். கட்டுப் போட்ட மாணவனுக்கு இதைத்தான் வீட்டுப்பாடமாகக் கொடுத்திருக்கிறேன்.