நீரிழிவும் நமது சோற்றுத் தட்டும்

மானாம்பதி முதலிய ஏரிப் பாசன ஊர்களில் நெல்லே செல்வம்; சோறே உணவு. இட்டிலி, தோசை, பழையது எல்லாம் அரிசியின் வேறு உருவங்களே. நாள் முழுதும் ஏர் பிடித்து, இறைத்து, நடந்து திரிந்த காலத்தில் அந்தச் சோறு உழைப்பில் செலவாயிற்று. இன்று உழவு இயந்திரம் வந்துவிட்டது. நெசவாளரோ தறியின் முன் அமர்ந்தே பொழுதைக் கழிக்கிறார். வேலை மாறியும் தட்டு மாறவில்லை.

இந்தியாவில் ஏறக்குறைய 10 கோடிப் பேருக்கு நீரிழிவு உண்டென்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் தெரிவித்தது. வெறும் வயிற்றில் 100 மில்லி லிட்டர் இரத்தத்தில் சர்க்கரை 126 மில்லி கிராமோ அதற்கு மேலோ இருப்பது, மறுமுறை சோதித்தும் உறுதியானால், அது நீரிழிவு எனப்படும்.

மாவுச்சத்து வயிற்றில் சர்க்கரையாக மாறுகிறது. அதனை உடல் பயன்படுத்துவதற்குக் கணையம் சுரக்கும் இன்சுலின் வேண்டும். அது குறையினும், சரிவரச் செயற்படாவிடினும், சர்க்கரை இரத்தத்திலேயே தேங்குகிறது. 1921இல் டொரண்டோ நகரில் இன்சுலின் கண்டறியப்படும்வரை பத்தியம் ஒன்றே வழியாயிருந்தது. மருந்து வந்தபின் பத்தியத்தை மறந்தோம், அது தவறு.

100 கிராம் அரிசியில் ஏறக்குறைய 78 கிராம் மாவுச்சத்து உண்டு; கேழ்வரகில் 65 முதல் 72 வரை. ஆதலின் சிறுதானியமாயினும் அளவு வேண்டும். கரைத்துக் குடிக்கும் கூழ் விரைவில் சர்க்கரையாகும் என்பதையும் நினைவில் கொள்க.

நம் நாட்டார் உண்ணும் ஆற்றலில் அறுபது விழுக்காட்டுக்கு மேல் மாவுச்சத்தினின்றே வருகிறது. புதிதாக நீரிழிவு கண்டவர்கள் அதனைப் பாதியளவுக்குக் குறைத்து, புரதத்தை ஐந்தில் ஒரு பங்காக உயர்த்தினால் நோய் தணிய வாய்ப்புண்டு என 18,090 பேரின் உணவை ஆராய்ந்த அதே கழகத்தின் ஆய்வு 2022இல் கணக்கிட்டுக் காட்டியது.

இதற்கு விலையுயர்ந்த பண்டம் வேண்டியதில்லை. தட்டில் பாதி கீரையும் காயும். கால் பங்கு பருப்பு, சுண்டல், முட்டை அல்லது மீன். மீதிக் கால் பங்கே சோறு. வரப்போரத்து முருங்கையும் வயலில் விளையும் உளுந்தும் வேர்க்கடலையும் கைக்கெட்டியவை. உருளைக்கிழங்கைக் காயாக எண்ணாமல் சோற்றுக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. மாத்திரையோ இன்சுலினோ கொள்பவர் திடீரெனச் சோற்றைக் குறைத்தால் சர்க்கரை அளவுக்கு மீறித் தாழலாம். வியர்வை, நடுக்கம், தடுமாற்றம் தோன்றினால் உடனே மூன்று தேக்கரண்டி சர்க்கரையை நீரில் கரைத்துப் பருகுக. நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றலாகாது. உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்க. ஆகவே முதலில் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரிடம் கூறி, மருந்தின் அளவைச் சரிசெய்து கொண்ட பின்னரே உணவை மாற்றுக. சிறுநீரக நோயுள்ளவர் புரதத்தின் அளவையும் கேட்டறிக. தாமாக மருந்தை நிறுத்துவது ஒருபோதும் கூடாது.

கூட்டத்தில் விவாதிக்க:
1. நம் வீட்டில் ஒரு நாளைக்கு ஒருவருக்கு எவ்வளவு அரிசி செலவாகிறது?
2. அதில் எவ்வளவைப் பருப்பாகவும் காயாகவும் மாற்றலாம்?
3. அங்கத்தினர்களுள் இதுவரை சர்க்கரை சோதித்துக் கொள்ளாதவர் எத்தனை பேர்?